கட்டைவிரல் அளவு

சாட்ஸ்வொர்த் சந்தையில், சாக்ரன் மூட்லி கடையில்
கூண்டுக் கம்பிகளுக்கிடையே கட்டைவிரலை விட்டுப் பார்த்தேன்.
நுழைந்தது.
அப்படியென்றால் மீலியின் தலையும் நுழையும்,
நுழைந்த தலை திரும்பாது.
வேறு காட்டச் சொன்னேன்.

மணி வேண்டாம், அதன் நாக்கு ஈயம்.
கயிற்று ஊஞ்சலும் வேண்டாம்: போன ஜூலைக் குளிரில்
பிரிந்த ஒரு நூலிழை
அதன் கால்விரலைக் கொண்டுபோனது.
துத்தநாகம் பூசிய சங்கிலியைத் திருப்பித் தந்தபோது
"கிளிக்குத்தானே, சம்பந்திக்கு இல்லையே?" என்றார்.

வாங்கியது
சாயம் படாத ஒரு மரத்துண்டு,
கடித்துத் துப்ப.

வீட்டுக்கு வந்து
இரும்புக் கேட்டைத் திறந்து, பூட்டி,
உள்கதவைத் திறந்து, பூட்டி,
மைனாக்கள் கத்தும் ஜன்னலருகே நின்றேன்.
இந்தக் கம்பிகளிலும்
கட்டைவிரல் நுழைகிறது.
தலை நுழையவில்லை.

அளந்தவன் யாரோ,
கவனமானவன்.