ஐந்தாவது நிரல்

அட்டவணைக்கு நாலு நிரல்:
எங்கே இருக்கிறது, எந்த வடிவில்,
யார் திறக்கலாம், இன்னும் எத்தனை நாள் தாங்கும்.
புளியந்தீவில் ஒரு மாடியறை.
மின்விசிறி காகிதத்தை மட்டும் ஆட்டுகிறது.
பறங்கியர் வீடுகளில் பேசும் போர்த்துக்கீசுக்கு
என்னென்ன சேமிப்பு எங்கெங்கே கிடக்கிறது என்று
ஒப்பிட்டு எழுத எனக்கு ஆறு கிழமை.
மொழி எனக்குத் தெரியாது.
தெரியாதவள்தான் வேண்டும் என்றார்கள்,
பக்கம் சாயமாட்டாளாம்.

முதலில், ஒரு பாதிரியார் அச்சிட்ட சொற்பட்டியல்.
பாவத்துக்குப் பதினொரு சொல்.
நண்டுக்கு ஒன்றுமில்லை.
வாவிக்கரையில் இருந்துகொண்டு
நண்டு தின்னாமலா செபித்தார்கள்?

பிறகு, விஸ்கோத்துத் தகரத்துக்குள் ஒன்பது ஒலிநாடா.
டச்பாரில் கடல் ஏறிய அன்று
தகரம் மாத்திரம் வேலியில் தொங்கியதாம்.
ஏழு, ஊமை.
ஒன்றில் கலியாண வீட்டு வயலின்.
ஒன்றில் யாரோ, தமிழில்:
"மைக்கை அங்கால எடு."

கடல் கடந்த பல்கலைக்கழகக் களஞ்சியத்தைக்
குறை சொல்ல முடியாது.
மூச்சு வாங்கியதற்கும் ஒரு குறி வைத்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே மூன்று வரி.
பேசியவர்: பெண், அறுபத்திரண்டு வயது, டச்பார்.
பெயர் இல்லை, அது விதி.
திறக்கக் கடவுச்சொல்.

கடைசியில் கைபேசிக் குழு ஒன்று, மச்சான் மச்சாள்மார்.
மீன் விலை, யாரோ ஒருவரின் முழங்கால்,
விடிய மூன்று மணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து.
'தேம்' என்றால் உண்டு, 'நுத்தேம்' என்றால் இல்லை:
ஆறு கிழமையில் நான் பிடித்த இரண்டே சொல்
அங்கே பிடித்ததுதான்.
எத்தனை நாள் தாங்கும்?
'அடுத்த போன் வாங்கும்வரை' என்று எழுதினேன்.

வெல்டிங் பட்டறை மெலனி பாத்தலட் வந்தாள்,
சப்பாத்து முழுக்கப் பொறி சுட்ட புள்ளி.
"அந்தக் கதிரையில இருங்கோ,
மேசையில கை வையாதேங்கோ, மை.
துவாய் அலுமாரிக்குள்ள."
சிரித்தாள்.
"தெரியாதெண்டாய்.
வந்த நேரம் தொட்டு அதைத்தானே கதைக்கிறாய்?"
பக்கம் சாயாதவள் நான்
எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்று
அப்போதுதான் பார்த்தேன்.

களஞ்சியத்தைத் திறந்து காட்டினேன்.
பெண், அறுபத்திரண்டு,
படம் பார்த்துக் கதை சொல்கிறாள்.
"அம்மா," என்றாள் மெலனி.
கடைசிவரை கேட்டாள்.
"ஒரு பிழை இல்ல.
ஆனா இவ்வளவு மரியாதையா
அம்மா ஒருநாளும் கதைச்சதில்ல.
என்னை ஏசுறது எதில இருக்கு?"

நாலிலும் தேடினோம். எதிலுமில்லை.
செத்துப்போனாரா என்று கேட்கத் தயங்கினேன்.
"மெல்பேர்ன்ல. பேரன் இங்கிலீஷ்.
விளங்காதவனை ஏசி என்ன ருசி?"

பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றை மேசையில் போட்டாள்.
முன்பக்கம் அலவாங்கு, கேற், கதவுக் கொண்டி.
பின்பக்கமெல்லாம்
ஞாபகம் வந்த ஏச்சு, தமிழ் எழுத்தில்.
எங்கள் ப-வுக்கு இரண்டு குரல்.
எந்த இடத்தில் எது என்று சொல்ல
அவள் வாய் வேண்டும்.

பகல் பன்னிரண்டு. அங்கே பின்னேரம்.
மெலனி அழைப்பெடுத்து ஒரேயொரு வசனம் சொன்னாள்,
என்னவென்று தெரியாது.
அந்தப் பக்கம் வெடித்தது.
எட்டு நிமிஷம்.
மூச்சு வாங்கியதற்கு எந்தக் குறியும் போதாது.
நடுவில் எங்கேயோ 'குசினி' வந்தது,
பிடித்துக்கொண்டேன், அடுத்ததை விட்டேன்.
என் விரல் பதிவுப் பொத்தானில்.
வேண்டாம் என்று தலையசைத்தாள் மெலனி,
கண் கலங்கியபடி, சிரித்தபடி,
திருப்பி ஏசிக்கொண்டே.

இரவு, அடிமட்டம் வைத்து
யாரும் கேட்காத ஐந்தாவது நிரலைக் கீறினேன்.
தலைப்பு: யாரோடு சண்டை பிடிக்கலாம்.
முதல் மூன்றுக்கும் நுத்தேம்.
கைபேசிக் குழுவுக்குக் கேள்விக்குறி.
பற்றுச்சீட்டைச் சேர்ப்பதா விடுவதா,
இன்னும் முடிவில்லை.
அடியில் ஒரு நிரை கூட்டினேன்.
இடம், வடிவம், எல்லாம் வெறுமை,
கடைசிக் கட்டத்தில் மட்டும் தேம்.

எங்கள் த-வுக்கும் இரண்டு குரல்.
அறிக்கையை வாசிப்பவர்
எதில் வாசிப்பாரோ.