நான்கு சொற்கள்

எங்கள் மகனிடம் இருந்தவை நான்கு சொற்கள்.
பால். நாய். கப்பல். போச்சு.
இந்நேரம் ஐம்பதாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.
இல்லாவிட்டாலும் பயமில்லை என்றார்.
இரண்டாவதை மெதுவாகச் சொன்னார்.

டுலூத்தின் பனியிலிருந்து
ஃப்ளோரிடா வெயிலுக்கு வந்திறங்கினோம்,
மூன்று பெட்டி, ஒரு தள்ளுவண்டி,
ஆறியும் ஆறாத ஒரு காதுவலி.
இரண்டு வயது முடியாத பிள்ளைக்கு நுழைவு இலவசம்.
அதனால்தான் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்பு வந்தோம்.
சோல்வை போட்ட கணக்கு. அவள் கணக்கு தப்பாது.

ஆறடி உயர மஞ்சள் வாத்து
கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தது.
நெல்ஸ் என் அக்குளில் முகம் புதைத்து
நாய், என்று குற்றம் சாட்டினான்.
வளைந்த அலகுள்ள வெள்ளைப் பறவை ஒன்று
என் தட்டிலிருந்து உருளை வறுவலை
உரிமையோடு எடுத்துக்கொண்டு நடந்தது.
அதுவும் நாய்.

பலூன் வாங்கினோம். நூல் நழுவியது.
போச்சு, என்றான், அழாமல்.
பதினான்கு டாலர்.
எனக்குத்தான் அழுகை வந்தது.

மரத்தாலான முதலை கையை நீட்டி நிற்கிறது:
இந்தக் கைக்குக் கீழே இருப்பவர் ஏறக்கூடாது.
நெல்ஸ் முதலையின் முழங்காலுக்கு இருந்தான்.
கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு.
ஒருவர் ஏறலாம், ஒருவர் காத்திருக்கலாம்,
பிறகு வரிசை இல்லாமலே மாறிக்கொள்ளலாம்.

எங்களுக்குப் புதிதில்லை.
எனக்குத் தாதுத் துறையில் இரவு வேலை,
அவளுக்குப் பகல்.
பிள்ளையை வாசலில் கைமாற்றும்போது
என்மேல் இரும்புத் தூள் வாசம்,
அவள்மேல் ஷாம்பு.
வாரத்தில் ஐந்து நாள் எங்கள் திருமணம்
அவ்வளவுதான்.

அவள் முதலில் போனாள்.
தலைக்கு மேலே தண்டவாளம் உறுமியது.
நூறு கத்தலுக்கு நடுவே
அவள் கத்தல் எனக்குத் தெரிந்தது.
எப்படித் தெரிந்தது?
பிரசவ அறையில்கூடக் கத்தவில்லை,
பல்லைக் கடித்துக்கொண்டு
என் கைக்கடிகாரத்தையே பார்த்திருந்தாள்.

அம்மா என்று இன்னும் சொல்லாதவன்
விரலை மேலே நீட்டி,
போச்சு, என்றான்.

ஏழு நிமிடம் கழித்து வந்தாள்.
முடி கலைந்த கூடு.
கண்ணோரம் ஈரம். காற்று, என்றாள்.
நான் கேட்கவில்லை.
நெல்ஸ் அவளைப் பார்த்தான்.
வாய் திறந்தது, உதடு எதற்கோ குவிந்தது,
ஒன்றும் வரவில்லை.
போவதற்குச் சொல் வைத்திருக்கிறான்.
வருவதற்கு இல்லை.
அவள் மூக்கைப் பிடித்து இழுத்துச்
சரிபார்த்துக்கொண்டான்.

இப்போ நீ, என்றாள்.
வயிறு சரியில்லை என்றேன்.
அந்தச் சொல்லை
அவன் எனக்கும் சொல்வான் என்று
அவளிடம் எப்படிச் சொல்வது?

இரவு வாணவேடிக்கை.
பூ விரியும்போது அவன் பார்க்கவில்லை.
அணைந்து, புகை மட்டும் தொங்கும் இருட்டைக் காட்டிப்
போச்சு, என்றான், ஒவ்வொரு தடவையும்.
பக்கத்தில் கால்சட்டை வியர்த்து நின்ற பெரிய மனிதர்
ஏழாவதிலிருந்து அவனோடு சேர்ந்துகொண்டார்.

கார் நிறுத்தத்தில் பெலிகன் வரிசை என்றாள் சோல்வை.
ஆமை என்றேன் நான்.
வாடகைக் கார் வெள்ளை.
பத்தாயிரம் காரும் வெள்ளை.
தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கீச்சிட
ஆமையிலும் இல்லை, பெலிகனிலும் இல்லை.
கார் போச்சு, என்றாள்.
சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல்
ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சாவியைத் தலைக்கு மேலே தூக்கிச்
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
எங்கோ வெகுதொலைவில்
ஒரு ஹாரன் ஊதத் தொடங்கியது.

டுலூத்தில் ஏரி உறைந்து கிடக்கிறது.
பாலம் மேலே எழுந்து இரண்டு மாதமாகிறது.
என் தோளில் தூங்கியவன்
கன்னத்தில் சட்டைத் தையலின் தடத்தோடு
தலையைத் தூக்கினான்.

கப்பல், என்றான்.

அந்தப் பக்கமாக நடந்தோம்.