நானூறு கிராம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். இரவு பதினொன்று.
சுற்றறிக்கை வந்துவிட்டது:
காற்றுத் துவாரம் இரண்டு மில்லிமீட்டர் சுருங்க வேண்டும்,
வண்டியில் பதினைந்து கிலோ ஏற வேண்டும்.

“எவன் எழுதின விதி இது?”
ஹேமந்த் கவுடா போனில் கன்னடத்தில் கத்துகிறார்.
“ஆறு மணி நேரம் ஓடி ஜெயித்தது குற்றமா?”

போன வருஷம் அந்த மஞ்சள் வண்டி
எங்களை நாலு சுற்று முந்திய இரவு
‘வேகமானவனுக்கு எடை கூட்டுங்கள்’ என்று
மனுவைச் சொல்லச் சொல்லத் தட்டியவன் நான்.
சொன்னவர் அவர்.
கமா கூட மாறாமல் வந்திருக்கிறது.

சற்குணம் ஒன்றும் பேசவில்லை.
ஈயத்தகடுகளைத் தராசில் அடுக்குகிறான்.
நானூறு கிராம் குறைகிறது.
அலமாரியிலிருந்து போன மாதக் கோப்பையை எடுத்து
துடைத்து
வைத்துப் பார்க்கிறான்.

முந்நூற்றெண்பது.
துடைக்காமல் இருந்திருக்கலாம்.