ஒற்றைப் பலகை

அல் நஹ்தாவில் ஒன்பதாம் மாடி பால்கனியில்
காயப்போட்ட கைலிகளுக்கு நடுவே
ஒரு பனிச்சறுக்குப் பலகை நிற்கிறது.
ஒன்றுதான். ஜோடி இல்லை.

இஸ்திரிப் பலகையா என்று கேட்டார்
வாட்ச்மேன் ஆலம்கீர்.
ஆமாம் என்றோம்.
விளக்கினால் லிஃப்ட் போய்விடும்.

பிப்ரவரியில் போனோம்.
நான், மாசிலாமணி, ஜெஸிந்தா, புகாரி.
நால்வருக்கும் லீவு ஒத்துவந்த ஒரே வாரம்,
மூன்றரை மணி நேரத்தில் ஜார்ஜியா.
அதற்கு முன் ஆறு சனிக்கிழமை
மாலுக்குள் இருக்கும் மலையில் பழகினோம்.
அங்கே பனிக்கு ஒரே கனம்,
ஒரே வயது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம்
பொரித்த கோழி தின்றபடி
நாங்கள் விழுவதை எண்ணும்.

"நேற்று ராத்திரி எழுபது சென்டிமீட்டர்.
அத்தனையும் பவுடர்" என்றான் லெவான்,
குடௌரியில் எங்கள் வழிகாட்டி.
எங்கள் பக்கத்தில் பவுடர் என்றால்
கழுத்தில் அப்பிக்கொண்டு
கல்யாணத்துக்குப் போவது.
கையுறையால் ஒரு கை அள்ளி
மாசிலாமணி அதையே செய்துகாட்டினான்.
புரியாமலே சிரித்தான் லெவான்.

மாலின் பனி
காலுக்கடியில் கரகரக்கும்.
இங்கே சத்தமே இல்லை.
தொடை வரை வெள்ளை.
நான் இறங்குகிறேனா,
மலை என்னை விட்டு மேலே ஏறுகிறதா?
ஏழெட்டு வளைவுக்கு
எனக்கு எடை இல்லை.
அப்போது எதுவுமே ஞாபகம் வரவில்லை என்று
எழுத ஆசை.
வந்தது. வாடகைச் செக், பதினெட்டாம் தேதி.
அதுவும் கூடவே வழுக்கிக்கொண்டு வந்தது.

திரும்பினால் புகாரியைக் காணோம்.
ஒரு குழி.
குழிக்குள்ளிருந்து சிரிப்பு.
சிரிப்பு இருமலாகி
இருமலும் நின்றது.

லெவான் சத்தம் போடவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
மண்வெட்டியை அவன் பிரிப்பதற்குள்
ஜெஸிந்தா கையாலேயே தோண்டத் தொடங்கியிருந்தாள்.
எவ்வளவு நேரம்?
நாற்பது விநாடி என்கிறாள் அவள்.
மாசிலாமணி கணக்கில் நாலு நிமிடம்.
முகம் வெளியே வந்ததும்
புகாரி கேட்ட முதல் கேள்வி:
"எடது பலகை எங்கடா?"

ஒன்றே முக்கால் மணி நேரம் தேடினோம்,
இட்லி வெந்ததா பார்ப்பதுபோல
கழியால் குத்திக் குத்தி.
ஒவ்வொரு தடவையும் வெறும் பனி.

கடைக்காரர் ஜோடிக்கும் காசு வாங்கிக்கொண்டு
மிச்சத்தை எங்களிடமே தந்தார்.
விமான நிலையத்தில் ஒரு பெண்
எடை போட்டுவிட்டு
இன்னொன்று எங்கே என்றாள்.
"மலைல இருக்கு" என்றான் புகாரி,
தமிழில்.

ஏப்ரலில் அவனுக்கு தம்மாமில் வேலை மாறியது.
இருக்கட்டும், வந்து எடுத்துக்கிறேன் என்று
பால்கனியில் சாய்த்துவிட்டுப் போனான்.
குழிக்குள் என்ன நடந்தது என்று
அவன் சொன்னதில்லை.
நாங்களும் பிரியாணிக்கு நடுவில்
எப்படிக் கேட்பது?

ஜூன் ஒன்பது. வெளியே நாற்பத்தாறு டிகிரி.
லெவானிடமிருந்து ஒரு படம்:
பச்சைப் புல், மஞ்சள் பூ,
நடுவே இடது பலகை.
ஓரத்தில் ஒரு மாட்டின் மூக்கு.

கூரியருக்கு அறுநூற்று நாற்பது திர்ஹாம்.
நான் போடுறேன் என்றான் மாசிலாமணி.
நான்தான் போடுவேன் என்றாள் ஜெஸிந்தா.
ஒரு கட்டைவிரல் அனுப்பினேன் நான்.
இன்னும் யாரும் போடவில்லை.

புகாரி குரலில் பதில் அனுப்பினான்.
பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல்.
"அங்கயே கெடக்கட்டும். மாடு பாத்துக்கும்."
அப்புறம் ஒரு பதினோரு விநாடி
ஜெனரேட்டர் மட்டும்.
நிறுத்த மறந்துவிட்டான் போல.
மூன்று தடவை கேட்டேன்.

நேற்று புழுதிக்காற்று.
ராத்திரி பலகைமேல்
சலித்தெடுத்த மாதிரி மணல்.
விரலால் ஒரு வளைவு போட்டேன்,
இன்னொன்று.
நகம் உடனே பலகையில் தட்டியது.
ஆழம் போதவில்லை.

கைலியை உதறி எடுத்துக்கொண்டு
உள்ளே வந்தேன்.