சான்றுப்பொருள்

பொரளையில், பஸ் புகை உள்ளே வரும் மருந்தகத்தில்
டொக்டர் நிலந்தி என் முன் இரண்டை வைத்தா:
பழுப்புப் போத்தலில் எண்ணெய்,
பிளாஸ்டிக் டப்பாவில் புளியங்கொட்டை அளவு உருண்டைகள்.

"எண்ணெய் பகலுக்கு. குமட்டலைப் பிடிக்கும்,
புத்தி உங்களிடமே இருக்கும்.
காலுக்கு அவ்வளவு கேட்காது.
உருண்டை நெய்யில் கிண்டினது.
பசிக்கும், நித்திரை வரும்,
நோ எழும்பிப்போய் அடுத்த கதிரையில் இருக்கும்.
சொற்கள் மட்டும் கொஞ்சம் பிந்தி வரும்."

சிங்களத்தில்தான் சொன்னா.
தமிழாக்கியது என் தலை,
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

சொற்கள் பிந்தினால் எனக்குச் சம்பளமில்லை.
புதுக்கடை நீதிமன்றத்தில்
சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் நான்.
இதே இலையை எத்தனை தரம் வாயில் எடுத்திருப்பேன்:
கஞ்சா, நாலு கிராம் அறுநூறு மில்லிகிராம்,
அரக்கு முத்திரையிட்ட உறையில், சான்றுப்பொருள் ஒன்று.
டப்பாவின் லேபிளில் அதற்கு வேறு பேர்.
மூவுலகையும் வென்ற இலையாம்.
புற்றுநோய்ப் பிரிவிலிருந்து வந்த என்னை
அது வெல்லுமோ என்று லேபிளில் இல்லை.

ஸ்கார்பரோவிலிருந்து மகன் எடுத்தான்.
"இங்க கடையில அறுபது வகை இருக்கம்மா,
எலுமிச்சை வாசத்துக்கும் ஒண்டு, ஊதாவில ஒண்டு."
எனக்கு இரண்டு வகை, அபிநயன்.
அதிலேயே தடுமாறுகிறேன்.

முதற்கிழமை எண்ணெய்.
வாந்தி நின்றது. இஞ்சி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத்
தின்றேன், இரண்டு, பிறகு ஒன்று.
ஆனால் உள்ளங்காலுக்குக் கீழே யாரோ
கல்லுப்புக் கொட்டி வைத்தபடியே.
மருந்து ஏற்றியதில் நரம்பு பழுதாம், ஆறுமாசம் ஆகுமாம்,
ஆகாமலும் போகுமாம்.

அடுத்த கிழமை உருண்டை.
வெள்ளவத்தைக் கரையோர ரயிலை எண்ணிக்கொண்டு படுத்தேன்,
மூன்றுக்குப் பிறகு எண்ணவில்லை.
நடுச்சாமத்தில் எழும்பி அரை இறாத்தல் பாணைச்
சீனிச்சம்பலோடு முடித்திருக்கிறேன்,
காலையில் தட்டுத்தான் சொன்னது.
அன்று மன்றில் ‘பிணை’ வரவில்லை.
இரண்டெழுத்து. பல்லுக்குப் பின்னால் நின்றது.
நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

அதோடு எண்ணெய்க்குத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை மட்டக்குளி மரியதாஸ்,
துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர்.
எதற்கு வைத்திருந்தாய்?
"உளைவுக்கு, ஐயா."

உளைவு.
ஒரு மாசம் முந்தியென்றால் யோசித்திருக்க மாட்டேன்,
‘கெக்கும’ என்று போட்டுவிட்டு
அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன்.
கெக்கும வயிற்றுக்கும் வரும், பல்லுக்கும் வரும்.
இந்த ஆள் சொல்வது
எலும்புக்குள் ஈரத்துணியைப் பிழிகிறதை.
எனக்குத் தெரியும், கல்லுப்பில் நின்றுகொண்டு கேட்கிறேன்.

மன்று காத்திருந்தது.
மேலே காற்றாடி.
ஒரு சொல்லுக்கு எட்டுச் சொல் சொன்னேன்.
சட்டத்தரணி எழும்பி, மொழிபெயர்ப்பாளர் கூட்டிச் சொல்கிறார் என்றார்.
அவர் சொன்னது சரி. கூட்டித்தான் சொன்னேன்.

தண்டப்பணம் குறையவில்லை.
உறையைத் தூக்கிக் காட்டியபோது
நனைந்த சாக்கு மணம் வந்தது,
என் கைப்பைக்குள் மூடி இறுக்காத போத்தலிலிருந்தும்
அதே மணம். பைச் சிப்பை இழுத்து மூடினேன்,
கள்ளியைப் போல,
துண்டுச்சீட்டு பக்கத்திலேயே இருக்க.

பொரளையில் டொக்டர் கேட்டா: எது?
கிழமை நாளில் எண்ணெய்.
வெள்ளி இரவுக்கு உருண்டை, பாதி.
சனிக்கிழமை எனக்கு ஒரு பாஷையும் தேவையில்லை.

"நோ எப்படி?"
தமிழில் சொன்னேன், உளைவு என்று.
"அப்படியென்றால்?"
நான் பேசாமல் இருந்தேன்.
கேட்டபடியே அதைச் சிங்கள எழுத்தில் எழுதினா,
எழுதிவிட்டு வாய்க்குள் ஒருக்கால் சொல்லிப் பார்த்தா,
உ, ளை, வு.