சொறி காய்கிற கரை

இந்த மாவட்டத்தில் அந்தப் புழு கிடைக்காது.
முட்டம் பாறையை உடைத்தாலும்
வேளிமலையைக் குடைந்தாலும்
ஆசைப்பட்டுத் தீர்கிற காரியமில்லை.

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில்
மணிகளை எண்ணுவது என் வேலை.
கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட்,
தேன் நிறத்தில் மோனசைட்.
முந்நூறு எண்ணினால் ஒரு தாள் முடியும்.
பதினோரு வருடத்தில்
நுண்ணோக்கியின் வளையம்
என் இடது கண்ணைச் சுற்றிக் கறுத்துவிட்டது.

மோனசைட்டுக்குள் தோரியம்
ஈயமாகிக்கொண்டே இருக்கிறது,
யாரும் சாவி கொடுக்காத கடிகாரம்.
அது சொல்லும் வயது
ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகள்.
கேம்பிரியன் என்று அந்தக் காலத்துக்குப் பேர்.

அப்போது வேறெங்கோ ஒரு கடலடிச் சேற்றில்
விரல் நீளப் புழு ஒன்று
சட்டைக் கையை உள்ளிருந்து புரட்டுவதுபோல்
தன் வாயை வெளியே தள்ளி
எதையோ கவ்விக்கொண்டிருந்தது.
வாயைச் சுற்றி முள். எலும்பில்லை. ஓடில்லை.
நம் பாறைகளோ
இருபது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகொண்டிருந்தன.
அடுப்பில் கிடந்த ஊர் இது.
புழு தங்குமா?

நேற்று ஷிப்ட் முடிந்து கரைக்கு இறங்கினேன்.
டெல்பினும் ஆட்களும் கரமடி இழுத்தார்கள்.
ஒரு கூடை நெத்தோலி, மீதி மடி நிறையச் சொறி.
"சவம், கை எரியுது" என்று
அள்ளி அள்ளிக் கறுப்பு மணலில் எறிந்தான்.
மத்தியானத்துக்குள்
ஒவ்வொன்றும் ஓர் ஈர வட்டம்.
மூன்று மணிக்கு
வட்டமும் இல்லை.

அந்தப் புழு காயவில்லை, அழுகவில்லை.
சேறு சரிந்து மூடியிருக்கிறது,
உயிரோடு, ஒரே மூச்சில்,
அழுகலுக்குக்கூடக் காற்று விடாத சேறு.
படத்தில் பார்த்தேன்:
குடல் ஒரு கறுப்புக் கோடு.
கோட்டின் நடுவே கூம்புச் சிப்பிகள் மூன்று,
விழுங்கிய திசையிலேயே முகம் வைத்து
இன்னும் செரிக்காமல்.

அதே கடலில் அதனோடு வாழ்ந்த இன்னொன்றை
பல வருடம் தலைகீழாக வரைந்திருந்தார்களாம்.
முள்ளைக் கால் என்று சொல்லி
முள்மேலேயே நிற்க வைத்திருந்தார்கள், பாவம்.
கிடைத்துவிட்டால் மட்டும் போதாது போல.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஏறியபோது
வள்ளியாற்றுச் சேறு
எங்கள் வீட்டை ஜன்னல் மட்டும் மூடியது.
மூன்றாம் நாள் தோண்டினார்கள்.
அக்காள் ஹெல்மாவின் விரல்களை
ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.
உள்ளே பாதி தின்ற முந்திரிக்கொத்து.
அதில் அவள் பல் பட்ட இடம்
அப்படியே இருந்தது.

இன்று எண்ணிக்கை
இருநூற்றுப் பதினேழில் தப்பிவிட்டது.
தட்டை மெல்லத் தட்டி மணலை நிரவுகிறேன்.
ஒன்று.