ஐந்துக்கு எத்தனை

மெட்ராஸிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது,
தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு.
"தங்கள் திருப்தியே எங்கள் மூலதனம்."
ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் மிக நன்று.
கட்டத்தில் டிக் போட்டால் போதுமாம்.

மானேஜர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
பேட்டை மில்லின் குளிர் அறைக்குள்
செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறவர்கள் மூன்று பேர்தான்,
மற்ற இருவருக்கும் இன்று நைட் ஷிப்ட்.

முதலில் இயந்திரம்.
பீரோ உயரம். பூஜை போட்டுத்தான் இறக்கினோம்;
டிஸ்க் கதவின் மேல் சந்தனம் இன்னும் இருக்கிறது.
தூசி இல்லாத இடத்தில் வைக்கவும் என்கிறது உங்கள் கையேடு.
சார், இது நூற்பாலை.
வடிகட்டியைத் திறந்தால் ஒரு தலையணைக்குக் காணும்.
போன சித்திரையில் ஒரு பல்லி
பவர் சப்ளைக்குள் போய்க் கருகி
ஆறு டெர்மினலும் ஒரே நேரம் கண்ணை மூடின.
ஸ்டோர்ஸ் கோமதிநாயகம் பஞ்சாங்கத்தை எடுத்தார்.
தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் எல்லாம் இருக்கிறது,
கம்ப்யூட்டரில் விழுந்தால் இல்லை.
உங்கள் கையேட்டிலும் இல்லை.
மூன்று.

ஆபரேட்டிங் சிஸ்டம்
இங்கிலீஷில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் பெயரை வாங்காது.
கார்டிங் பிரிவு முத்துக்குமாரசாமி
சம்பளச் சீட்டில் முத்துக்குமாரஸ் ஆகி ஒன்றரை வருஷம்.
"பேர முறிச்சா முறிச்சிட்டுப் போவுது தாயி,
துட்ட முறிச்சிராமப் பாத்துக்க."
துட்டை அது ஒருநாளும் முறித்ததில்லை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஓவர்டைம் கால் மணி நேரத்தைக்கூட விடாது.
நாலு.

அடுத்தது, ஆதரவு.
இங்கேதான் பேனா நிற்கிறது.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்க, போனஸ் ராத்திரி,
திரையில் பச்சையாய்ப் பிழை எண் முப்பத்தேழு.
கையேட்டைப் புரட்டினால்
"விற்பனையாளரை அணுகவும்", அவ்வளவுதான்.
விற்பனையாளர் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தார்.
கேட்டுக்கு வெளியே ஆயிரத்து நூறு பேர்,
விடிந்தால் பணம் என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று.

மாம்பலத்தில் சடகோபனின் வீட்டுக்காரர் போனுக்கு
லைட்னிங் கால் போட்டோம்.
போன் அக்கவுண்ட்ஸ் ரூமில், சுவிட்சுகள் குளிர் அறையில்.
சடகோபன் தூக்கக் குரலில் சொல்ல,
ஞானதிரவியம் சார் போனில் கேட்டுக் கத்த,
வராந்தாவில் கேன்டீன் பையன் அதை வாங்கி எனக்குக் கத்த,
மேலே, மேலே, கீழே, மேலே,
பதினாறு சுவிட்சு, ஒரு வரிசைக்கு.
அப்படி இருபத்து மூன்று வரிசை.

ஏழாவது வரிசையில் லைன் இரைந்தது.
எங்கோ மழை.
சார் "அலோ அலோ" என்று நெற்றியில் அடித்துக்கொள்ள,
நடுவில் ஒரு பெண் குரல்:
"எனக்குக் கேக்கு சார், நான் சொல்லுதேன். மேலே, கீழே, கீழே..."

பாளையங்கோட்டை எக்ஸ்சேஞ்ச்.
மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் வெட்ட வேண்டியவள்
நாற்பது நிமிஷம் ஒப்பித்தாள்,
சளி பிடித்த குரலில்,
என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்காமல்.
பதினெட்டாம் வரிசையில் சார் தப்பாகத் திருப்பிச் சொன்னதற்கு
"அது கீழே" என்று அதட்டவும் செய்தாள்.

டிஸ்க் இரைந்து சுற்ற ஆரம்பித்ததும்
பையன் வராந்தாவில் குதித்தான்.
"எந்திச்சிட்டா?" என்று மட்டும் கேட்டாளாம்.
அதற்குள் அடுத்த கால்.

பில்லில் பன்னிரண்டு நிமிஷம் என்று வந்தது.
ஞானதிரவியம் சார் அதை ஒன்றும் பேசாமல் பாஸ் பண்ணினார்.

பின்னால் சடகோபன் நேரில் வந்து
ஃபேனையும் துடைத்து, காபியும் குடித்து,
"படிவம் வரும் மேடம், அஞ்சு போட்டிருங்க, இன்கிரிமென்ட்" என்றார்.
நல்ல பையன். போட்டுவிட்டேன், ஐந்து.
ஆனால் அதில் எத்தனை உங்களுடையது?

வேறு கருத்துகள் எழுத இரண்டு கோடு விட்டிருக்கிறீர்கள்.
பெயர் தெரியாத ஆளைப் பற்றி
இரண்டு கோட்டில் என்ன எழுத?

கடைசிக் கேள்வி:
எங்கள் இயந்திரத்தைப் பிறருக்குச் சிபாரிசு செய்வீர்களா?

அவர்களுக்கு எந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் என்று
முதலில் எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.